பைன் மரமும் வளர்ப்புப் பாம்பும்: மரத்தைவிட மணத்தைப் பாருங்கள்

பாம்பு வளர்க்கத் தொடங்கியவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: பெட்டிக்குள் தரையில் சீவலாகப் பரப்பவோ, பெட்டியே செய்யவோ பைன் மரத்தைப் பயன்படுத்தலாமா? கேட்ட இடத்திலெல்லாம் இரண்டு விதமான பதில் கிடைக்கும். "வேண்டவே வேண்டாம், அது விஷம்" என்பார் ஒருவர். "பல வருஷமாகப் பைன் சீவலில்தான் வளர்க்கிறேன், ஒரு பாம்புக்கும் ஒன்றும் ஆனதில்லை" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பைன் என்ற ஒரே பெயரில் ஆளுக்கொரு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அண்மையில் அறுத்த மரத்தின் ஈரச் சீவலும், சூளையில் நாள்கணக்கில் உலர்ந்த பலகையும், பழுத்து உலர்ந்த பைன் பட்டையும் பாம்பின் மூச்சுக்குள் கொண்டுபோவது ஒன்றல்ல.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சை மரத்தின் சீவல் கூடாது. சூளையில் நன்றாக உலர்த்தி, தூசு நீக்கி, மணம் பெரும்பாலும் அடங்கிப்போன சீவலால் பெரிய ஆபத்து வருவதாகத் தெரியவில்லை. ஆனாலும் அதைவிட நல்ல பொருள்கள் கிடைக்கும்போது அதைத் தேடிப்போக வேண்டியதில்லை. பைன் பலகையால் செய்த பெட்டியைப் பூச்சு பூசி, நன்றாக ஆறவைத்துத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சீடார் மரம் மட்டும் எந்த வடிவத்திலும் வேண்டாம். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பது பைன் மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் புரியும்.

பைன் கட்டைக்குள் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் இருப்பது பிசின். வண்டு ஒன்று பட்டையைத் துளைத்தால், அந்தக் குழாய் உடைந்து பிசின் அழுத்தத்தோடு வெளியே வரும். வண்டை மூழ்கடிக்கும், காயத்தை மூடும், பூஞ்சைக்கும் தடையாக நிற்கும். மரத்துக்கு அதுதான் மருந்து, அதுதான் ஆயுதம். இந்தப் பிசினைக் காய்ச்சி வடித்தால் இரண்டாகப் பிரியும். ஆவியாகி வருவது டர்பன்டைன் எண்ணெய். அடியில் தங்கும் கெட்டிப்பொருள் ரோசின். டர்பன்டைனில் இருப்பவை டெர்பீன்கள் என்ற வகைச் சேர்மங்கள்: ஆல்ஃபா பினீன், பீட்டா பினீன், 3-கேரீன், லிமோனீன் போன்றவை. பைன் மரத்தின் மணம் என்று நாம் முகர்வது பெரும்பாலும் இவற்றைத்தான். ரோசினில் இருப்பது அபியெட்டிக் அமிலமும் அதன் உறவுக்கார அமிலங்களும். இவை சாதாரண வெப்பத்தில் ஆவியாவதில்லை. மின்கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும் (சால்டரிங்) வேலையில் ரோசினைச் சூடாக்கும்போது எழும் புகை மனிதர்களுக்கு ஆஸ்துமா வரவழைக்கும் என்பது தொழில் மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். ஆனால் பாம்புப் பெட்டியின் சூடு அந்த அளவுக்கு அருகில்கூட வருவதில்லை.

ஆக, பெட்டிக்குள் நாம் கவலைப்பட வேண்டியது முதலில் அந்த ஆவியாகும் பகுதியைப் பற்றி. "பைனில் ஃபீனால் இருக்கிறது, ஃபீனால் பாம்புக்கு ஆகாது" என்று பலர் சொல்வார்கள். ஃபீனால் வகைப் பொருள்கள் ஊர்வனவற்றுக்கு ஆகாது என்பது சரிதான். பைன் மரத்தின் வைரப் பகுதியில் பினோசில்வின் போன்ற ஃபீனால் வகைச் சேர்மங்கள் உண்டு என்பதும் சரி. ஆனால் காற்றில் கலந்து வரும் மணத்தில் அதிகம் இருப்பவை டெர்பீன்கள். உண்மையான ஃபீனால் ஆபத்து வேறு வழியில் வருகிறது. பெட்டியைக் கழுவ எடுக்கும் தரை துடைப்பான் திரவங்கள் சிலவற்றில் பைன் எண்ணெயும் ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளும் இருக்கின்றன. தண்ணீர் விட்டதும் பால்போல் வெளுக்கும் திரவங்களைப் பாம்பு இருக்கும் பெட்டிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். பைன் பலகைக்குப் பயப்படும் பலர் இந்தத் திரவத்தைப் பயமின்றிப் பயன்படுத்துவதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஒரு மூடி துடைப்பான் திரவம், காய்ந்த பலகை ஒன்றைவிட எத்தனையோ மடங்கு ஆபத்தானது.

பைனுக்குக் கெட்ட பெயர் வந்ததில் சீடாருக்குப் பெரிய பங்கு உண்டு. செல்லப் பிராணிகளுக்கான சீவலாக விற்கப்படும் சிவப்பு சீடாரில் கிழக்கு வகை உண்மையில் ஒரு ஜூனிபர் மரம். மேற்கு வகை துஜா என்ற இன்னொரு இனம். மேற்கு வகையில் பிளிகாட்டிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. அந்த மரத்தை அறுக்கும் தொழிலாளர்களுக்கு வரும் ஆஸ்துமாவுக்கு அதுதான் காரணம் என்று பல பத்தாண்டுகளாகத் தெரியும். சீடாரின் மணம் மாதக்கணக்கில் குறையாது. துணிப்பெட்டியில் பூச்சி வராமல் இருக்க அதை வைப்பதே அதனால்தான். சரி, பூச்சியை விரட்டும் ஆவிக்கு நடுவில் ஒரு பாம்பை இரவும் பகலும் படுக்கவைப்பது எப்படி நல்லதாகும்? பாம்பின் மேல் ஏறும் செள்ளை ஒழிக்கலாம் என்று சிலர் சீடார் சீவலைப் போடுவார்கள். செள்ளுக்கு முன்னால் பாம்புதான் வாடிப்போகும்.

பைனையும் சீடாரையும் ஒரே கூட்டில் நிறுத்திய ஆய்வு ஒன்று 1967-ல் வந்தது. எலியட் வெசெல் என்பவர் ஆய்வக எலிகளை வெவ்வேறு மரச் சீவல்களில் வைத்துப் பார்த்தார். சிவப்பு சீடார், வெள்ளைப் பைன், பாண்டரோசா பைன் ஆகிய மென்மரச் சீவலில் இருந்த எலிகளின் கல்லீரலில், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்தன. தூக்க மருந்து கொடுத்தால் அந்த எலிகள் சீக்கிரம் விழித்துக்கொண்டன. பீச், பிர்ச், மேப்பிள் கலந்த வன்மரச் சீவலில் இருந்த எலிகளிடம் அந்த மாற்றம் இல்லை. மருந்துச் சோதனை செய்யும் ஆய்வகங்களுக்கு இது பெரிய செய்தி. எலியின் படுக்கை மாறினாலே சோதனை முடிவு மாறும் என்று ஆகிவிட்டதே.

இந்த ஆய்வைத்தான் "பைன் கல்லீரலைக் கெடுக்கும்" என்று சுருக்கிச் சொல்லிச் சொல்லிப் பரப்பினார்கள். அதில் தெரிந்தது, கல்லீரல் நொதிகள் தூண்டப்பட்டன என்பது. உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று போகிறது, அதை வெளியேற்றக் கல்லீரல் கூடுதலாக வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். கல்லீரல் அழிந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. அதோடு, அது எலி. பாம்பின் உடல் வெப்பம் வேறு, அது உணவைச் செரிக்கும் வேகம் வேறு, நொதிகள் இயங்கும் வேகமும் சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்தது. எலியின் முடிவை அப்படியே பாம்பின் மேல் ஏற்றுவது நியாயமில்லை. ஆனால் அதை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. மரச்சீவலின் ஆவி வெறும் மணமாக நின்றுவிடாமல் மூச்சு வழியாக உடலுக்குள் போய் வேலை செய்கிறது என்பதை அது காட்டிவிட்டது. உள்ளே போவதை உடல் ஒதுக்க வேண்டுமென்றால், அந்த வேலையைப் பாம்பு எலியைவிட மெதுவாகத்தான் செய்யும்.

பாம்பின் மூச்சுமண்டலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெரும்பாலான பாம்புகளுக்கு வேலை செய்யும் நுரையீரல் ஒன்றுதான், வலப்பக்கத்தது. இடது நுரையீரல் சிறுத்துப் போயிருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. மலைப்பாம்புகளுக்கும் போவாக்களுக்கும் இரண்டும் உண்டு, ஆனால் இடது சிறியது. அந்த நீண்ட நுரையீரலின் முன்பகுதியில்தான் காற்று ரத்தத்தோடு கலக்கிறது. பின்பகுதி வெறும் காற்றுப் பை போன்றது. நமக்கு இருப்பதுபோல உதரவிதானம் பாம்புக்குக் கிடையாது. அதனால் நாம் இருமித் துப்புவதுபோலச் சளியை வேகமாக வெளியே தள்ள அதனால் முடிவதில்லை. உறுத்தலால் உள்ளே சுரக்கும் நீர் அப்படியே தங்கும். தங்கிய நீரில் கிருமி வளரும். மூச்சுத் தொற்று பாம்பு வளர்ப்பில் அடிக்கடி கேட்கும் நோயாக இருப்பதற்கு இந்த உடலமைப்பும் ஒரு காரணம்.

அதன்மேல் பெட்டியின் நிலைமையைச் சேர்த்துப் பாருங்கள். பாம்பு தரையிலேயே கிடக்கும். சீவலுக்கு அடியில் புகுந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சில நேரம் அதையும் நீட்டாது. அதன் மூக்குக்கும் மரத்துக்கும் இடையில் இடைவெளியே இல்லை. ஈரப்பதம் குறையக்கூடாது என்பதற்காக நாம் காற்றோட்டத்தைக் குறைத்திருப்போம். ஒரு பக்கம் 30 டிகிரிக்கு மேல் சூடு போய்க்கொண்டிருக்கும், சூட்டில் டெர்பீன் வேகமாக ஆவியாகும். போதாததற்கு, நாக்கை நீட்டி நீட்டிக் காற்றிலுள்ள துகள்களைச் சேர்த்து, மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொடுத்துத்தான் பாம்பு தன் உலகத்தை அறிந்துகொள்கிறது. நம் அறையில் மெல்லிய நறுமணமாகத் தெரிவது, அந்தப் பெட்டிக்குள், சீவலுக்கு அடியில், அந்த உறுப்புக்கு எப்படி இருக்கும்? பைன் சீவலைத் தூக்கிப் போடுவதா வேண்டாமா என்று தயங்குபவர் மூடியைத் திறந்து, குனிந்து, பெட்டியின் தரை மட்டத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கட்டும். கண்ணில் சுருக்கென்று பட்டால் பதில் கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் நியாயமான ஒரு எதிர்க்கேள்வி வரும். காட்டில் பாம்புகள் பைன் மரங்களுக்கு நடுவில்தானே வாழ்கின்றன? ஆமாம், வாழ்கின்றன. அமெரிக்காவின் தென்கிழக்கில் நீளூசிப் பைன் காடுகள் ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கருக்குப் பரந்திருந்தன. கார்ன் பாம்பு, எலிப் பாம்பு, இண்டிகோ பாம்பு, வைரமுதுகு விரியன் என்று எத்தனையோ பாம்புகளுக்கு அது வீடு. பைன் பாம்பு என்றே பெயர் பெற்ற இனம் நியூ ஜெர்சியின் பைன் பாரன்ஸ் காட்டு மணலில் தானே குழி தோண்டி முட்டையிடுகிறது. பைன் மரம் பக்கத்தில் இருந்தாலே பாம்பு சாகும் என்றால் இந்த இனங்கள் எப்போதோ இல்லாமல் போயிருக்க வேண்டும்.

ஆனால் அதே காட்டில் நடக்கும் இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு மரங்கொத்தி இருக்கிறது. மற்ற மரங்கொத்திகள் பட்ட மரத்தில் பொந்து குடையும்போது, இது உயிரோடு நிற்கும் முதிர்ந்த பைனில் குடைகிறது. அந்த வைரக் கட்டையில் ஒரு பொந்து முடிய வருடக்கணக்கில் ஆகும். பொந்து முடிந்ததும், வாசலைச் சுற்றியும் கீழேயும் சிறு சிறு குழிகளாகக் கொத்தி வைக்கும். ஒவ்வொரு குழியிலிருந்தும் பிசின் வடியும். குழி காய்ந்தால் மறுபடி கொத்தும். நாளடைவில் அடிமரம், உருகி வழிந்து உறைந்த மெழுகுவத்திபோல வெள்ளையாகப் பளபளக்கும். முட்டையும் குஞ்சும் தேடி ஏறும் எலிப் பாம்பு இந்தப் பிசினுக்கு வந்ததும் நிற்கிறது. வயிற்றுச் செதில்களைப் பட்டையின் இடுக்குகளில் ஊன்றித்தான் அது ஏற முடியும். பிசின் அந்தச் செதில்களில் ஒட்டிக்கொண்டால் ஊன்றுவதற்கு வழியில்லை. 1990-ல் வெளிவந்த ஒரு கள ஆய்வு, இந்தப் பிசின் வேலி எலிப் பாம்புகளைத் திறம்படத் தடுக்கிறது என்று காட்டியது.

ஆக, அதே காடு இரண்டையும் சொல்கிறது. உதிர்ந்து காய்ந்த ஊசியிலைகள் மேல், திறந்த காற்றில், மண் வளைக்குள் வாழும் பாம்புக்குப் பைன் மரம் ஒரு தொந்தரவும் செய்வதில்லை. புதிதாக வடியும் பிசினைக் கண்டால் பாம்பு அதைத் தாண்டுவதில்லை. காட்டில் பாம்புக்குப் பிடிக்காத இடத்திலிருந்து விலகிப் போக வழி உண்டு. பெட்டியில் அந்த வழியை நாம் அடைத்துவிட்டோம். அதனால்தான் "காட்டில் இருக்கிறதே" என்ற வாதம் பாதித் தூரம்தான் போகும்.

இப்போது சூளை விஷயத்துக்கு வருவோம். அறுத்த பைன் பலகையை உலர்த்தும் சூளைகள் வழக்கமாக 60 முதல் 90 டிகிரி வரை சூடாக்கும்; சில பைன் வகைகளை 100 டிகிரிக்கு மேலும் உலர்த்துவார்கள். தண்ணீர் ஆவியாகும்போது டெர்பீன்களும் கூடவே ஆவியாகிப் போகின்றன. பைன் அறுவை ஆலைகளின் சூளைப் புகையில் ஆல்ஃபா பினீன் முக்கியமான பொருளாக இருப்பதே அதற்குச் சாட்சி. கூடவே, பலகை சுமார் 71 டிகிரியில் போதிய நேரம் இருந்தால் உள்ளே மிஞ்சும் பிசின் இறுகிவிடும், பிறகு சாதாரண அறைச் சூட்டில் வழியாது. மரவேலைக்காரர்கள் இதைக் கவனித்து வாங்குவது பூச்சு கெடாமல் இருக்க. பாம்பு வளர்ப்பவருக்கும் அதே கவனம் உதவும்.

சூளையில் போட்டதாலேயே மணம் முழுதாகப் போய்விடாது. பலகையின் நடுவில் கொஞ்சம் தங்கியிருக்கும். இழைத்துச் சீவலாக்கும்போது அந்த நடுப்பகுதி வெளியே வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். 20 மில்லிமீட்டர் தடிமனான பலகைக்கு இரண்டு முகங்கள்தான். அதையே அரை மில்லிமீட்டர் சீவலாகச் சீவினால் 40 சீவல், 80 முகங்கள். காற்றில் படும் பரப்பு 40 மடங்கு. அதே மரம், அதே எடை, ஆனால் ஆவி வெளியேறும் வாசல் 40 மடங்கு அகலமாகிவிட்டது. பலகையாக இருக்கும்போது பயப்பட வேண்டாத பைன், சீவலாகும்போது யோசிக்கவைப்பது இதனால்தான். பிளாஸ்டிக் பையில் இறுக்கி அடைத்து வருவதால் மிஞ்சிய மணமும் உள்ளேயே நிற்கும். அதனால் பையைத் திறந்ததும் பெட்டியில் கொட்டாமல், காற்றோட்டமான இடத்தில் சில நாள் பரப்பி வைப்பது நல்லது. மணம் மூக்கைத் துளைக்கும் பையை அப்படியே ஒதுக்கிவிடலாம், சூளையில் உலர்த்தியது என்று மேலே அச்சிட்டிருந்தாலும் சரி.

சிறு குருணைகளாக அழுத்தி விற்கப்படும் பைன் சமாச்சாரம் வேறு. குதிரைக் கொட்டில்களுக்காகச் செய்யும் குருணைகளை மரத்தூளைச் சூட்டோடு அழுத்தித்தான் உருவாக்குகிறார்கள்; மரத்திலுள்ள லிக்னின் இளகி அதுவே பசையாகிறது. அந்தச் சூட்டில் மணத்தின் பெரும்பகுதி போய்விடும். ஆனால் தண்ணீர் பட்டதும் குருணை உடைந்து பொடியாகும், காய்ந்ததும் தூசு எழும். அடுப்பில் எரிக்க விற்கும் குருணைகளை வாங்கவே கூடாது, அதில் என்ன மரம், என்ன கலப்பு என்று யாரும் உறுதி தருவதில்லை. பைன் பட்டை இன்னும் நல்லது. ஆர்கிட் செடிகளுக்காக விற்கும் பட்டைத் துண்டுகள் பெரும்பாலும் பைன் அல்லது ஃபிர் மரத்துடையவை. பழுக்கவைத்து, உலர்த்தி, சலித்து வருபவை. ஈரப்பதம் தேவைப்படும் பாம்புகளுக்கு அவை நன்றாகவே பொருந்துகின்றன. பைன் என்ற பெயரைக் கேட்டதும் அலறுபவர்கள் பலர் தாங்கள் தூவியிருப்பதே பைன் பட்டைதான் என்று கவனிப்பதில்லை.

காட்டிலிருந்து எடுத்துவரும் கிளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பச்சைக் கிளை வேண்டாம். வெட்டிய முனையில் விரலை வைத்தால் ஒட்டுகிறதா பாருங்கள், ஒட்டினால் அது இன்னும் தயாராகவில்லை. பல மாதம் கிடந்து வெளுத்துக் காய்ந்த கிளை என்றால் பட்டையை உரித்து, வெந்நீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். பூச்சியைக் கொல்ல அடுப்பில் வைத்துச் சுடும் பழக்கம் சிலரிடம் உண்டு. பிசின் உள்ள பைனுக்கு அது ஆபத்து. டர்பன்டைன் ஆவி எளிதில் தீப்பற்றும்.

பெட்டி செய்வதற்குப் பைன் பலகை நல்ல மரம்தான். எடை குறைவு, வேலை செய்ய எளிது. கவனிக்க வேண்டிய இடம் கணு. பலகையின் மற்றப் பகுதி எவ்வளவு காய்ந்திருந்தாலும் கணுவில் பிசின் செறிந்திருக்கும். வெப்ப விளக்குக்குக் கீழே வரும் கணுவில் சில வாரத்திலேயே தேன் நிறத்தில் ஒரு துளி திரண்டு நிற்பதைப் பார்க்கலாம். விரலால் தொட்டால் நூல்போல இழுபடும். பாம்பு அதன்மேல் உரசிப்போனால் செதிலில் ஒட்டும், சட்டை உரிக்கும் சமயத்தில் அந்த இடத்தில் தோல் பிடித்துக்கொள்ளும். ஆகவே கணு இல்லாத பலகையாகப் பார்த்து எடுப்பது முதல் வேலை. தவிர்க்க முடியாத கணுக்களில் முதலில் அரக்குப் பூச்சு, மரவேலையில் ஷெல்லாக் என்பார்களே, அதைப் பூச வேண்டும். பிசினை உள்ளேயே நிறுத்தி வைக்க அதைவிட நல்லது இல்லை. அப்புறம் உட்புறம் முழுவதும், மூலை முடுக்கு விடாமல், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பாலியூரித்தேன் பூச்சு இரண்டு மூன்று தடவை. இது பலகையின் ஆவியை அடைப்பதோடு, எச்சமும் தண்ணீரும் மரத்துக்குள் இறங்காமலும் தடுக்கும். மரப்பெட்டிகள் வீணாவது பெரும்பாலும் அந்த ஈரத்தால்தான்.

பூச்சு தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றைக்கே பாம்பை உள்ளே விடக்கூடாது. மேலே காய்ந்தாலும் உள்ளே முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். வெப்பக் கருவிகளை ஓடவிட்டு, கதவைத் திறந்து வைத்து, பிறகு ஒரு நாள் முழுக்க மூடி வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். எந்த மணமும் வரவில்லை என்றால் விடலாம். பைன் பலகையின் மணத்தைவிட அவசரமாக மூடிய வார்னிஷ் மணம் பாம்பின் நுரையீரலுக்கு அதிகத் தீங்கு செய்யும். மலிவான ப்ளைவுட், மரநாரைப் பசையிட்டு அழுத்திய எம்.டி.எஃப். பலகைகளில் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியேறும் என்பதால் அவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பழைய மரத்தை எடுத்துப் பெட்டி செய்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கரையான் வராமலிருக்க மருந்தேற்றிய பைன் பலகைகள் லேசாகப் பச்சை நிறம் காட்டும். பழையவற்றில் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் கலந்த மருந்து இருக்கும். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை 2003-ம் ஆண்டு இறுதியோடு நிறுத்தினார்கள், ஆனால் அந்தப் பலகைகள் இன்னும் புழக்கத்தில் உண்டு. இது பெட்டிக்கு உள்ளே எந்த ரூபத்திலும் வரக்கூடாது. சரக்குத் தட்டுப் பலகைகளில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும், ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி அடிப்பது. அதில் எச்.டி. (HT) என்றிருந்தால் பலகையின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு போட்டது. அதைத் தொட வேண்டாம். எச்.டி. பலகைக்கும் ஒரு குறிப்பு: 56 டிகிரியில் அரைமணி நேரம் என்பது பூச்சிகளைக் கொல்லப் போதும், பிசின் இறுகப் போதாது. அதோடு அந்தத் தட்டில் முன்பு என்ன கொட்டியது என்று யாருக்கும் தெரியாது.

நிலைமை இப்படியிருக்க, சீவலாகப் பரப்ப எதை எடுப்பது? வறண்ட சூழல் போதுமான கார்ன் பாம்பு, கிங்ஸ்நேக் எனப்படும் அரசப் பாம்பு போன்றவற்றுக்கு ஆஸ்பென் சீவலை நான் முதலில் சொல்வேன். அது வில்லோ குடும்பத்து வன்மரம், பைனில் இருக்கும் பிசினோ டெர்பீன் மணமோ அதில் கிடையாது, வளை தோண்டினால் இடிந்துவிழாமல் நிற்கும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதுதான் குறை. ஈரப்பதம் வேண்டிய பந்து மலைப்பாம்புக்குத் தேங்காய் நார்க் கழிவு அல்லது மரப்பட்டைத் துண்டுகள் பொருத்தம். அந்தப் பாம்பைப் பைன் சீவலில் வைத்திருப்பவர்களுக்கு மணத்தைவிடப் பெரிய தொல்லை வறட்சி. காய்ந்த சீவல் பெட்டியின் ஈரத்தை உறிஞ்சிவிடும், சட்டை துண்டு துண்டாக உரியும், கண்ணை மூடிய செதில் கழலாமல் நின்றுவிடும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கினால் பூஞ்சை. இந்த இரண்டுக்கும் நடுவில் பாம்புக்கு மூச்சுத் தொல்லை வந்தபின், பழி மட்டும் பைனின் மணத்தின் மேல் விழும். பல வருஷமாகப் பைனில் வளர்க்கிறேன் என்பவரிடம் விசாரித்துப் பாருங்கள்: பெரும்பாலும் வறண்ட நிலத்துப் பாம்பு, உலர்ந்த சீவல், காற்றோட்டமான பெட்டி, அடிக்கடி சுத்தம் செய்யும் கை.

எந்தச் சீவலாக இருந்தாலும் உணவு கொடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். எலியின் ஈரத் தோலில் ஒட்டிய சீவல் வாய்க்குள் போகும். ஒன்றிரண்டு போனால் எச்சத்தோடு வந்துவிடும். கூர்மையான சிம்பு ஈறில் குத்தினால் புண்ணாகும். தட்டையான கல் மேலோ, வெறும் தட்டிலோ வைத்துக் கொடுத்தால் போதும்.

ஏற்கெனவே பைன் சீவலில் பாம்பு வைத்திருப்பவர்கள் பதறித் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூக்கால் சோதித்து, மணம் இருந்தால் மாற்றுங்கள். மணம் இல்லாமல், தூசு இல்லாமல், பாம்பும் சாப்பிட்டுச் சட்டையைச் சீராக உரித்துக்கொண்டிருந்தால் அடுத்த பை வாங்கும்போது வேறு பொருளுக்கு மாறினால் சரி. ஆனால் பாம்பு வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, மூக்குத் துளையில் குமிழ் வருகிறது, வாயோரம் கோழை நிற்கிறது, தலையை அண்ணாந்து தூக்கியபடியே கிடக்கிறது என்றால் நிலைமை வேறு. சட்டை உரிப்பதற்கு முன் மூக்கில் தளர்ந்த தோலால் லேசான விசில் சத்தம் வரலாம், அது உரிந்ததும் போய்விடும். மற்றவை தானாகப் போகாது. உடனே சீவலை எடுத்துவிட்டு வெறும் காகிதத்தைப் பரப்புங்கள், சூடான பக்கத்தின் வெப்பம் சரியாக இருக்கிறதா பாருங்கள், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தொற்று தொடங்கிவிட்டால் சீவலை மாற்றுவது மட்டும் போதாது, மருந்து வேண்டியிருக்கும். போகும்போது அந்தச் சீவலில் ஒரு கைப்பிடியைப் பையில் கட்டி எடுத்துப்போங்கள். எப்போதிலிருந்து அதைப் பரப்பியிருந்தீர்கள், பெட்டியின் வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு, கடைசியாக எதை வைத்துக் கழுவினீர்கள் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அவைதான்.